மடிப்பில் கிடக்கும் சொல்

சிவப்பு றிபனை மேசையில் நீட்டி, நடுவில் வளைத்து, வளைவின் அடியில் ஒரு கறுப்புக் கொண்டைக் கிளிப்பைக் குத்திவிட்டுத்தான் பஞ்சலிங்கம் மாஸ்டர் நிமிர்வார். "இது என்ன?" என்பார். "தூது ஆர்.என்.ஏ., சேர்!" என்று வகுப்பே கத்தும். மானிப்பாயில் விலங்கியல் படிப்பிக்கும் அவருக்கு அந்தச் சத்தம் கச்சேரி கேட்ட மாதிரி.

"பரம்பரையலகின்ரை செய்தியைக் கொண்டுபோற நூல் இது. நீட்டி நிமிர்ந்து கிடக்காது, தன்னிலை தானே மடியும். இந்த நூல் செய்விக்கிற சாமான் பற்றீரியாக் கலத்திலை முன்னமே தாராளமாக் கிடந்தா உந்த மடிப்பு விழும். வேலை அதிலையே நிண்டுபோம். தட்டுப்பாடெண்டா வேறை மாதிரி மடியும், வேலை நடக்கும். எழுத்து அதேதான் பிள்ளையள். மடிப்பிலைதான் எல்லாம் கிடக்கு."

இது பாடத்திட்டத்தில் இல்லை. லண்டன் சிநேகிதர் ஒருவர் அனுப்பிய விஞ்ஞானச் சஞ்சிகையில் படித்தது. சோதனையில் வராதே என்று பிள்ளைகள் கேட்டால், "வராட்டி என்ன, வடிவாயெல்லோ இருக்கு!" என்பார். கதைத்துக் கதைத்தே தேத்தண்ணீரை ஆறவிடும் மனிதர்.

அந்தக் கிளிப், இரசாயனம் படிப்பிக்கும் கமலாவதி ரீச்சரிடம் ஒரு பாடத்துக்கென்று இரவல் வாங்கியது. இவர் திருப்பிக் கொடுக்கவில்லை, ரீச்சரும் கேட்கவில்லை. நாற்பதை எட்டிப்பிடிக்கும் பிரமச்சாரி, இது போதும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். எங்கே போதும்? ஆசை நெஞ்சு முட்டக் கிடந்தது.

பள்ளிக்கூடம் விட்டதும் ரீச்சர் யாழ்ப்பாண பஸ்ஸுக்கு நிற்பார். சண்டிலிப்பாய்க்காரரான மாஸ்டர் எதிர்ப்பக்கம் போகவேண்டியவர். ஆனாலும் சைக்கிளைப் பிடித்தபடி துணைக்கு நிற்பார். "ரீச்சர், ஒரு விசயம் கதைக்கவேணும்" என்று தொடங்குவார். பேச்சு எப்படியோ வளைந்து பற்றீரியாவில் போய் விழும். "பிறகு?" என்று ரீச்சர் கேட்பார். அந்தப் 'பிறகு'வுக்கு வேறு பதில் இவரிடம் இருந்தது, வாய்க்குத்தான் வரவில்லை.

இந்த ஆண்டு ரீச்சருக்கு நைஜீரியாவில் படிப்பிக்கும் வேலை கிடைத்துவிட்டது. வாத்திமார் பாதிப்பேர் அங்கேதானே போகிறார்கள். நேற்று அவருக்கு இங்கே கடைசி நாள். 'நானும் நைஜீரியாவுக்கு வாறன், கலியாணம் முடிச்சுச் சேர்ந்தே போவம்' என்று சொல்லிவிடுவதாக மாஸ்டர் முடிவுகட்டியிருந்தார்.

பஸ் வந்தது. சைக்கிளைத் தந்திக்கம்பத்தில் சாத்தினார். ரீச்சர் ஏறித் திரும்பி, "அப்ப, போட்டு வாறன் மாஸ்டர்" என்றார். கண் கலங்கியிருந்தது.

"நானும் வாறன்."

சொல்லிவிட்டார்! ஆனால் விடைபெறுகிறவரும் 'வாறன்' என்றுதானே எங்கள் ஊரில் சொல்கிறார்? ரீச்சர் தலையாட்டினார்.

"ஓம், போட்டு வாங்கோ. வெய்யில், பாத்துப் போங்கோ."



"ஏறுறியளோ மாஸ்டர், இல்லையோ?" மணிக்கயிற்றைப் பிடித்தபடி கொண்டக்டர் ஏரம்பு கேட்டார்.

மாஸ்டர் குனிந்து பார்த்தார். அவருடைய ஒரு கால் பஸ்ஸின் மிதிபலகையில் இருந்தது. அதை அவர் எடுக்கவில்லை.