நாலு கமாண்டரையும் காலண்டர்ல போட்ட கர்னல் சார்

கர்னல் சார் போயிட்டார்...

காலையில பிரஸ்ஸைத் திறக்கும்போது டெல்லியில இருந்து அவர் பொண்ணு போன். "அப்பா தூக்கத்துலயே போயிட்டாங்க அங்கிள்"னு இந்தியில சொல்லிச்சு. ஹார்ட் அட்டாக்காம். சாவியைக் கையில வெச்சுக்கிட்டு எம்புட்டு நேரம் அங்கனயே நின்னேன்னு தெரியல.

இங்க இருக்கிற நிறைய பேருக்கு அவரைத் தெரியாது. சிவகாசியில எங்க காலண்டர் பிரஸ்ஸுக்கு வருஷா வருஷம் வந்த கஸ்டமர். ஆப்கானிஸ்தான்காரர். அங்க ராணுவத்துல கர்னலா இருந்து, ஆட்சி கவிழ்ந்ததும் குடும்பத்தோட டெல்லிக்கு வந்தவர். அங்க ஆஸ்பத்திரிக்கு வர்ற ஆப்கான் நோயாளிகளுக்கு மொழிபெயர்க்கிற வேலை.

பேரு போடல. சொந்தக்காரங்க இன்னும் ஆப்கானிஸ்தான்லதான் இருக்காங்க, பேரும் ஊரும் எழுதாதீங்கன்னு பொண்ணு கேட்டுக்கிச்சு.

அவர் அடிக்கிறது டெல்லியில இருக்கிற ஆப்கான்காரங்களுக்கான காலண்டர். அவுங்களுக்கு மார்ச்லதான் வருஷம் பிறக்கும். லீவுக்கு வெள்ளிக்கிழமைதான் சிவப்பு. எழுத்து வலது பக்கம் இருந்து இடது பக்கம். எங்களுக்கு ஒண்ணும் புரியாது. அதனால ப்ரூஃப் பார்க்க அவரே ரயில் ஏறி வந்துருவார்.

மொத தடவை வந்தப்ப குனிஞ்சு ப்ரூஃப் பார்த்துக்கிட்டு இருக்கார்... விஸ்வநத்தம் பக்கம் ஏதோ கம்பெனியில வெடி டெஸ்டிங். டமார்னு ஒரு சத்தம்.

தலையைத் தூக்காம கேட்டார், "இந்தக் குண்டு இங்க இருந்து போறதா, இங்க வர்றதா?"

நான் முழிச்சதைப் பார்த்துட்டு அவரே சிரிச்சுட்டார்.

போன வருஷம் ஒரு ஆர்டர் கொண்டு வந்தார். நாலு ஷீட் காலண்டர். ஷீட்டுக்கு ஒரு கமாண்டர் படம். அவர் வேலை பார்த்தது ஒரு கோர்ல. கோர்னா சில மாகாணங்களை மொத்தமா பார்த்துக்கிற பெரிய படை. அது ஆரம்பிச்சதுல இருந்து கலைஞ்ச வரைக்கும் நாலு கமாண்டர். நாலு பேர்கிட்டயும் இவர் இருந்திருக்கார். டெல்லி, ஈரான், ஜெர்மனின்னு சிதறிக் கிடக்கிற பழைய சிப்பாய்ங்களுக்குக் குடுக்கணும்னு ஆசை.

டீ குடிக்கும்போது எங்க பிளேட் செக்‌ஷன் சுப்பையா அண்ணன் கேட்டார், "யாரு சார் இவங்கல்லாம்?" நான் நடுவுல இந்தியில மாத்திச் சொன்னேன். கர்னல் சார் ஒவ்வொருத்தரா சொல்லிக்கிட்டு வந்தார்.

"மொத ஆளு மலையில கெரில்லாவா சண்டை போட்டு வந்தவர். மேப் பார்க்க வராது. ஆனா ஜன்னல் இல்லாத பாராக்ஸ்ல, அந்தக் குளிர்ல, சிப்பாய்ங்களோடயே படுப்பார். ரெண்டாவது ஆளு ரஷ்யாவுல படிச்சவர். பூட்ஸ்ல முகம் தெரியணும் அவருக்கு. மூணாவது ஆளு..."

மூணாவது கமாண்டர் ரோட்டுல புதைச்ச குண்டுல செத்துப்போனார். பின்னாடி வந்த வண்டியில இவர். இடது காது கேட்காமப் போனது அன்னைக்குத்தான்.

நாலாவது ஆளு... படை தோத்துக்கிட்டு இருக்கும்போது ஹெலிகாப்டர்ல ஏறிப் போயிட்டார்.

"ஓடிப்போன ஆளுக்கு எதுக்கு சார் படம்? மூணு ஷீட்டாப் போட்ருவோம்"னார் சுப்பையா அண்ணன்.

கர்னல் சார் முடியாதுன்னு தலையை ஆட்டினார். "ரெண்டு வருஷம் எங்களோட பதுங்குகுழியில கிடந்தவர். ரொட்டி வராத நாள்ல தன் பங்கை சிப்பாய்க்குக் குடுத்ததைப் பார்த்திருக்கேன். கடைசியில போயிட்டார். அதுக்காக அப்படி ஒரு ஆளே இல்லைன்னு நான் எப்படி அடிக்கிறது?"

"அவரு போனப்புறம் படையை யாரு சார் பார்த்துக்கிட்டது?"

"நான்தான்... மேல வேற யாரும் இல்ல."

"என்ன செஞ்சீக?"

"முகாம் கேட்டைத் திறந்துவிட்டேன். யூனிஃபார்மைக் கழட்டிட்டு வீட்டுக்குப் போங்கன்னேன். சண்டை போடுறோம்னு பசங்க அழுதாங்க. தோட்டா இல்ல... அனுப்பிட்டேன்."

சுப்பையா அண்ணன் டீ கிளாஸைக் கீழ வெச்சுட்டார். "அப்ப அஞ்சாவதா உங்க படம்லா வரணும்?"

நான் மாத்திச் சொன்னதும் கர்னல் சார் கையை மட்டும் அசைச்சார். வேண்டாம்னு.

காலண்டர் அடிச்சு லோடு அனுப்பினோம். ஒரு மாசம் கழிச்சு போன் பண்றார். பாதி பண்டல் அவர் வீட்டுக்கே திரும்பி வந்துருச்சாம். துரோகி படம் எங்க வீட்டுல தொங்கக் கூடாதுன்னு சொல்லிட்டாங்களாம். சில பேர் நாலாவது ஷீட்டை மட்டும் கிழிச்சுட்டு மாட்டியிருக்காங்க.

டெல்லி பள்ளிவாசல்ல தொழுகை முடிஞ்சு வெளிய வரும்போது அவுங்க நாட்டுக்காரர் ஒருத்தர் எல்லார் முன்னாடியும் இவரைப் பார்த்துக் கத்தியிருக்கார். "அவன் ஓடினான், நீ கேட்டைத் திறந்தே. ரெண்டு பேரும் ஒண்ணுதான்."

எனக்கு ஆத்திரம் தாங்கல. "யாரு சார் அது? நீங்க பதில் சொல்லலையா?"

கர்னல் சார் மெதுவாத்தான் சொன்னார்.

"அவன் தம்பி அங்க செத்துட்டான்பா. யார் மேலயாவது கோவப்படணும்ல... நான்தான் பக்கத்துல இருக்கேன்."

அதுக்கப்புறம் டெல்லி ஆப்கான்காரங்கள்ல பாதிப் பேர் அவரோட பேசல. ஒரு வருஷமா. கல்யாணத்துக்குக்கூட கூப்பிடலன்னு பொண்ணு சொல்லி வருத்தப்பட்டுச்சு. அவர் என்கிட்ட ஒரு வார்த்தை சொன்னதில்ல.

இன்னைக்கு சாயங்காலம் நானே பொண்ணுக்குப் போன் போட்டேன். மத்தியானமே அடக்கம் பண்ணிட்டாங்களாம்.

"சந்துல நிக்க இடமில்ல அங்கிள். அப்பாகூட பேசாம இருந்தவங்க எல்லாரும் வந்தாங்க. அன்னைக்குக் கத்தினாரே, அவர்தான் முன்னாடி தோள் குடுத்தார். இறக்கி வைக்கிற வரைக்கும் வேற யாரையும் மாத்த விடல..."

போனை வெச்சுட்டேன்.

ஊருக்கு ஒரு தடவை போயிட்டு வந்துறணும்னு சொல்லிக்கிட்டே இருந்தீக சார். டெல்லி மண்ணுலதான் இடம் கிடைச்சிருக்கு.

நிம்மதியா படுங்க கர்னல் சார்...