எஸ்லின் பிடுங்கிய கன்று

எஸ்லினின் தோள்கள் ஒன்றுபோல் இருக்காது. சின்ன வயதிலிருந்து மரவள்ளி துருவித் துருவி வலது தோள் கொஞ்சம் இறங்கிவிட்டது. மரவள்ளியை இவள் வளர்த்தாளா, இவளை அது வளர்த்ததா என்று கேட்டால் அவளுக்கே சிரிப்பு வரும். அந்தச் செடிக்குக் கால் கிடையாது. காடும் புல்வெளியுமான ரூபுனுனிச் சீமையில் பெண்கள் குச்சி வெட்டி முதுகில் சுமந்துபோய் நட்டால்தான் அது அடுத்த கொல்லைக்குப் போகும். கிழங்கில் விஷம் இருப்பதால் காட்டுப்பன்றி அவ்வளவாக வாய் வைக்காது. அந்த விஷத்தைப் பிழிந்தெடுத்துவிட்டு ரொட்டி சுடப் பெண்கள் பழகிக்கொண்டார்கள்.

அபூர்வமாக, உதிர்ந்த விதை ஒன்று மண்ணுக்குள் வருஷக்கணக்கில் உறங்கும். கொல்லை போடக் காட்டை வெட்டிச் சுட்டதும் விழித்துக்கொண்டு தானாக முளைக்கும். அதை யாரும் பிடுங்கமாட்டார்கள். வந்த பிள்ளை என்று வளரவிட்டு, கிழங்கு தேறினால் பேர் வைப்பார்கள்.

அக்கா வினெட்டாவின் கொல்லையில் ஊர் கூடிக் களையெடுத்த அன்று, பேச்சு சுவாரஸ்யத்தில் எஸ்லின் அப்படி ஒரு கன்றைப் பிடுங்கி எறிந்துவிட்டாள். வினெட்டாவுக்குப் பிள்ளை இல்லை. அந்தக் கன்றைத்தான் தினமும் வந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

“களைக்கும் புள்ளைக்கும் வித்தியாசம் தெரியாத கண்ணு எதுக்குடி உனக்கு?” என்றாள் அக்கா.

“ஒரு செடிக்குப் போயி இவ்வளவு பேச்சா?” என்றாள் எஸ்லின். சொல்லியிருக்கவே கூடாது. அதன்பின் இரண்டு வருஷம் ஓடைக்கு இக்கரையில் இவள், அக்கரையில் அவள்.

இந்த வருஷம் இலைவெட்டி எறும்பு இக்கரைக் கொல்லைகளை மொட்டையடித்து, நடுவதற்குக் குச்சிகூட இல்லாமல் செய்துவிட்டது. மழை வலுக்கும் முன் குச்சி நடாவிட்டால் அடுத்த வருஷம் வீட்டில் ரொட்டி இல்லை. குச்சி இருப்பதோ அக்கரையில். போய்க் கேட்க எஸ்லினுக்கு வாய் வரவில்லை.

ஆனாலும் அம்மாவின் பழைய கொல்லை காடாகிக் கிடந்ததை வெட்டிச் சுட்டாள். முதல் தூறல் விழுந்த விடியலில், இன்னும் கதகதப்பாக இருந்த சாம்பல் மேல் வெறுங்காலோடு நடந்தாள். எங்கும் வெண்புகை. தான் நடக்கிறோமா, அம்மாவின் கனவுக்குள் இருக்கிறோமா என்று அவளுக்கே தெரியவில்லை. சில நாளில் அங்கே செந்தண்டோடு ஒரு கன்று எட்டிப் பார்த்தது. அம்மா காலத்தில் விழுந்த விதை. எஸ்லின் உட்கார்ந்து அழுதாள்.

மண்ணோடு அதைப் பெயர்த்து, கையில் ஏந்தி ஓடையைக் கடந்தாள். வினெட்டா ரொட்டி புரட்டிக்கொண்டிருந்தாள்.

“அக்கா, அன்னிக்குப் புடுங்குனதுக்குப் பதிலா இது.”

வினெட்டா கன்றைப் பார்த்தாள். “மறுபடியும் புடுங்கிட்டா வந்திருக்கே?”

எஸ்லினுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. அக்கா கன்றை வாங்கி அடுப்படிக்குப் பக்கத்திலேயே நட்டாள். பிறகு கொல்லைக்குப் போய்க் கட்டுக்கட்டாகக் குச்சி வெட்டி, தங்கையின் கூடையில் அடுக்கினாள். எல்லாம் எஸ்லினுக்குத் தெரிந்த ரகங்கள். மேலாக வைத்த ஒரு கட்டில் இருந்த ரகத்தை மட்டும் அவள் பார்த்ததே இல்லை.

“இது எந்த ரகம்க்கா?”

“நீ புடுங்கிப் போட்டதுதான். அன்னிக்குச் சாயங்காலமே எடுத்து ஊணிட்டேன். பொழைச்சுக்கிச்சு.”

“அப்போ ஏன்க்கா இத்தனை நாளா பேசல?”

“நீ வருவேன்னு பாத்தேன்.”

எஸ்லின் குச்சியைத் தடவிப் பார்த்தாள். “பேரு வச்சியா?”

“எஸ்லின்,” என்றாள் அக்கா. “எறும்பும் திங்கல, வெயில்லயும் சாகல. வேற யாரு பேரைடி வைக்கிறது?”