ஜெரூஷாவின் இருபத்துநான்கு

சேலையூரில் ஜெரூஷாவை அவள் தெருக்காரர்கள் 'தவளை டாக்டர்' என்பார்கள். கேலிதான். "டாக்டர்னு சொல்றீங்கல்ல, அது போதும்" என்று சிரித்துக்கொண்டே ஸ்கூட்டியைக் கிளப்புவாள். அப்பா மறைமலை நகரில் கார் உதிரிபாகத் தொழிற்சாலை ஊழியர். பெண்ணுக்கு வாய் ஜாஸ்தி என்பது அவருடைய ஒரே குறை. தாம்பரத்தில் நாங்கள் இருவரும் ஒரே ஆய்வுக்கூடத்து ஆராய்ச்சி மாணவிகள். நான் மீன், அவள் தவளை.

பள்ளிக்கரணைச் சதுப்பிலும் மறைமலை நகர்ப் பக்கத்து ஏரியிலும் அச்சு அசல் ஒரே மாதிரித் தவளைகள். இரண்டும் ஒரே இனம் என்று பல வருடம் முன்பே கட்டுரை எழுதிப் பேர் வாங்கியவர் எங்கள் வழிகாட்டி வேதசிரோமணி சார். ஜெரூஷா குரோமோசோம்களை எண்ணிப் பார்த்தாள். ஏரித் தவளைக்கு இருபத்தாறு, சதுப்புத் தவளைக்கு இருபத்துநான்கு. இரண்டும் வேறு வேறு இனம் என்றாள்.

சார் முகம் சுருங்கிவிட்டது. செல் கரைசலை உயரத்திலிருந்து சில்லிட்ட ஸ்லைடில் சொட்டவிட்டால்தான் செல் உடைந்து குரோமோசோம்கள் விரிந்து கிடக்கும். உயரம் கூடிப்போனால் ஒன்றிரண்டு தெறித்துத் தொலைந்துவிடும். ஜெரூஷா ஸ்டூல்மேல் ஏறி நின்று சொட்டவிடுகிறவள்.

"ஸ்டூல்ல ஏறினா ரெண்டு என்ன, நாலுகூடத் தொலையும். இருபத்தாறுன்னு மாத்திக் கொண்டு வாம்மா, கையெழுத்து போடறேன்" என்றார் சார்.

அந்தக் கையெழுத்து இல்லாமல் ஆய்வேட்டைக் கொடுக்க முடியாது. கெடுவோ நெருங்கிவிட்டது. "மாத்திடுடி, யாரு தவளைய எண்ணப் போறாங்க" என்றேன். என்னை முறைத்துவிட்டு அவள் கத்தரிக்கோலைத் தேடி எடுத்தாள்.

மறுநாள் சார் மேசைமேல் அட்டைகளைப் பரப்பினாள். குரோமோசோம் படங்களை ஒவ்வொன்றாக வெட்டி, ஜோடி சேர்த்து, பெரியதிலிருந்து சின்னதுவரை வரிசையாக ஒட்டியிருந்தாள்.

"தொலைஞ்சிருந்தா ஒவ்வொரு செல்லுலயும் ஒவ்வொண்ணுல்ல சார் தொலையணும்? எல்லாத்துலயும் காணாதது இதே சின்ன ஜோடிதான். அதோட, இந்த இன்னொரு ஜோடியப் பாருங்க, இது மட்டும் ஏரித் தவளையோடத விட நீளமா இருக்கு. சின்னது இதோட ஒட்டிக்கிச்சு, அவ்ளோதான்."

"நீ விட்ட விதம் சரியில்ல."

"அப்ப நீங்களே விடுங்க சார். உக்காந்துகிட்டே விடுங்க."

சதுப்புத் தவளையின் கரைசலை உட்கார்ந்தபடியே விட்டார். உலர்த்தி, சாயமேற்றி, மைக்ராஸ்கோப்பில் குனிந்தவர் வெகுநேரம் நிமிரவில்லை. ஒரு செல்லை எண்ணினார், இன்னொன்றுக்கு நகர்ந்தார், திரும்பவும் எண்ணினார்.

"அந்தக் கட்டுரை எழுதறப்ப எனக்கும் இருபத்துநாலுதான் வந்துது" என்றார், எங்களைப் பார்க்காமல். "ரெண்டு தொலைஞ்சுபோச்சுன்னு நெனச்சு இருபத்தாறுன்னு எழுதிட்டேன்."

எனக்கே பாவமாக இருந்தது. ஜெரூஷாவுக்கு இல்லை. ஆய்வேட்டை அவர் முன்னால் தள்ளி, பேனா மூடியையும் கழற்றி வைத்தாள்.

"அப்ப திருத்த வேண்டியது உங்க கட்டுரைய சார். இதுல கையெழுத்து போடுங்க."

போட்டார்.