பார்த்த தேதி, அச்சான தேதி

இடது உள்ளங்கைக்கு அடியில் மடித்த செய்தித்தாள் இருந்தது. வியர்வை பட்டால், வரைபடத்தை நகலெடுக்கும் மெல்லிய ட்ரேசிங் துணி சுருங்கிவிடும். வலது கையில் கோட்டுப் பேனா. ஒரு சதுரத்தின் நான்கு பக்கமும் இழுத்து முடித்ததும் கை பேனாவைத் தூக்கி, கட்டைவிரல் நகத்தில் ஒற்றிப் பார்த்து, அடுத்த சதுரத்துக்குப் போனது. வழக்கமாக அந்தக் கை வரைவது வயல்களை. இப்போது வரைந்துகொண்டிருந்தது, ஒரு கண்நோயைப் பற்றி ஊர் ஊராக டாக்டர்கள் எழுதிய கட்டுரைகளை.

சுருளியாண்டி பெரியகுளம் தாலுகா ஆபீஸில், சர்வே பிரிவில் வரைபடங்களை நகலெடுக்கும் ட்ரேசர். நிலம் அளக்கும் சங்கிலியை இழுக்கும் ஆளாகச் சேர்ந்து, பழைய கிராம வரைபடங்களைப் பார்த்துப் பார்த்தே கோடு போடப் பழகியவர். நகலை மூலத்தோடு கோடு கோடாக ஒப்பிட்ட பிறகுதான் கீழ் மூலையில் ‘ஒ.சு.’ என்று, ஒப்பிட்டது சுருளியாண்டி என்பதற்கு அடையாளமாக, தன் எழுத்தை வைப்பார்.

அது 1972. அந்த வருடம் என்றால் எங்கள் பக்கத்தில் எல்லாருக்கும் முதலில் ஞாபகம் வருவது கறுப்புக் கண்ணாடிதான். தேவதானப்பட்டி பஸ்ஸில் டிரைவரும் கண்டக்டரும் கண்ணாடி. தாலி கட்டிய மாப்பிள்ளைக்கும் கண்ணாடி. கண்நோய் வந்தால் ஒரு வாரம் கண் சிவக்கும், பிறகு ஆறிவிடும். பயத்தைவிடக் கேலிதான் அதிகம்.

பயந்தவர் பெரியகுளம் ஆஸ்பத்திரியின் கண் டாக்டர் சாராள். போடி மலையில் ஏலக்காய் பறிக்கும் அய்யம்மாளுக்குக் கண் ஆறிய மூன்றாம் வாரம் இடது கால் துவண்டுபோனது. கண்நோய்தான் காரணமோ என்று கேட்டதற்கு, மதுரையில் ஒரு பெரிய டாக்டர், “கண்ணுக்கும் காலுக்கும் என்னம்மா சொந்தம்?” என்று சிரித்துவிட்டார். இரண்டு வாரம் கழித்து ஒரு சனிக்கிழமை மதுரையில் டாக்டர்கள் கூட்டம். அங்கேயும் சிரித்தார்கள் என்றால், இன்னொருவருக்குக் கால் விழும்போதும் யாரும் கண்நோயை நினைக்கப் போவதில்லை.

சாராள் ஒரு வருடமாக மருத்துவப் பத்திரிகைகளிலிருந்து குறித்துவைத்த அறுபத்து மூன்று அட்டைகளைச் செருப்புப் பெட்டியில் போட்டுக் கொண்டுவந்து, கூட்டத்தில் காட்ட ஒரே படமாக வரைந்து தரச் சொல்லிச் சுருளியாண்டியிடம் கொடுத்தார். கண்ணைப் பற்றிய கட்டுரைக்குச் சிவப்புச் சதுரம், காலைப் பற்றியதற்குக் கறுப்பு. ஊருக்கு ஒரு வரிசை, மாதத்துக்கு ஒரு கட்டம். எங்கே, எப்போது, எதைப் பார்த்தார்கள் என்பது ஒரே பார்வையில் தெரிய வேண்டும்.

“கண்ணு நோவப் படம் போட்டே கண்ணு நோவ வாங்கிராதீக,” என்றாள் மனைவி பவுனு.

“எழுத்துல ஒட்டுற நோவா இது?”

“ஒட்டுனாலும் கண்ணாடி வாங்கித் தரமாட்டேன். இப்பவே மொகத்தப் பாக்கச் சகிக்கல.”

ஆபீஸ் முடிந்து ஒன்பது சாயங்காலங்கள் உட்கார்ந்து முடித்தார். புதன்கிழமை டாக்டரிடம் விரித்துக் காட்டினார். சாராள் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு நாற்காலியில் சாய்ந்தார்.

“பம்பாய் வரிசையப் பாருங்கண்ணே. கறுப்பு முன்னால நிக்குது, செவப்பு பின்னால வருது. காலு விழுந்த பெறகா கண்ணு செவந்துச்சு? இதக் காட்டுனா இன்னும் நல்லாச் சிரிப்பாக.” பிறகு மூலையைக் கவனித்தார். “ஒங்க எழுத்தும் இல்லையே?”

“மனசு ஒப்பல, டாக்டரம்மா. அட்டையில மேல எழுதியிருக்கிற மாசம் எது?”

“கட்டுரை அச்சான மாசம்.”

“நோயாளியப் பாத்த மாசம்?”

“அது உள்ள இருக்கும்.”

சுருளியாண்டி தலையில் கை வைத்தார். “எங்க ஆபீஸ்ல பட்டா வந்த நாள் வேற, நெலத்துல எல்லைக்கல்லு நட்ட நாள் வேற. பட்டா தேதிய வச்சு நெலத்த வரஞ்சா வெளங்குமா? கேக்காமக் கோடு போட்டது என் தப்பு.”

சாராள் ஒரு அட்டையை எடுத்துப் புரட்டினார், இன்னொன்றை எடுத்தார். “ஆமண்ணே! கண்ணப் பத்தினது பெரிய கட்டுரை, நூத்துக்கணக்கான பேர எண்ணி எழுதணும். அச்சாக ஒரு வருசம். காலப் பத்தினது ஒரு பக்கக் கடுதாசி, ஒடனே போட்டுட்டாக.”

வேறு துணி இல்லை. அரை பிளேடால் சதுரங்களை ஒவ்வொன்றாகச் சுரண்டி, சுரண்டிய இடத்தை நகத்தால் தேய்த்து வழவழப்பாக்கி, சாக்பீஸ் தூள் தடவி, மறுபடி மை போட வேண்டும். வெள்ளிக்கிழமை லீவு எழுதிக் கொடுத்தார். மலைக்காற்று மேசையைத் தொடாமலிருக்கப் பவுனு ஜன்னலில் சேலையைக் கட்டினாள்.

சிவப்பெல்லாம் இடப்பக்கம் நகர்ந்தது. கறுப்பு மொத்தமே ஐந்துதான்; அதில் நான்கு, அந்தந்த ஊர்ச் சிவப்புக்குப் பின்னால், ஒரு கட்டம் தள்ளி வந்து நின்றது. ஐந்தாவது அட்டையில் நோயாளியைப் பார்த்த மாதம் இல்லை.

சனிக்கிழமை காலை பெரியகுளம் பஸ் ஸ்டாண்டில் மதுரை வண்டி உறுமிக்கொண்டு நின்றது. ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த சாராள் துணியைப் பாதி விரித்தார்.

“நாலும் பின்னாலதான் நிக்குது! இந்த அஞ்சாவது ஏண்ணே ஓரமா, புள்ளிக் கோட்டுல?”

“பாக்காத கல்லுக்குப் புள்ளிதான் வைப்போம்.”

“அதையும் கூடச் சேத்து வச்சிருந்தா பலமா இருக்கும்ல?”

“அத ஒருத்தன் கண்டுபிடிச்சா மத்த நாலையும் நம்பமாட்டான், டாக்டரம்மா.”

சாராள் கீழ் மூலையை விரித்தார். ‘ஒ.சு.’ இருந்தது.

கண்டக்டர் விசில் ஊதினார். சுருளியாண்டி துணியை வாங்கி, மை உள்பக்கம் இருக்கும்படி சுருட்டி, தகரக் குழாய்க்குள் இறக்கி, மூடியை அழுத்தி, ஜன்னல் வழியாகச் சாராள் கையில் கொடுத்தார்.