சடகோபனின் தென்மேற்குச் சுற்று

என் வீட்டுக்காரருக்கு ஓர் இடத்தில் இருப்புக் கொள்ளாது. கல்யாண வீட்டில் முதல் பந்தியில் சாப்பிட்டு, தாம்பூலப் பையை வாங்கிக்கொண்டு, வாசலில் நின்றபடி உள்ளே இருக்கும் எனக்கு போன் செய்கிற ஆள். சிட்னியில் மெரிலேண்ட்ஸில் இருக்கும் மகள் வீட்டுக்கு ஒரு வாரம் தங்குவதாகச் சொல்லித்தான் போனோம். மூன்றாம் நாளே கார் டயரில் காற்று இருக்கிறதா என்று பார்க்க ஆரம்பித்துவிட்டார். பெயர் சடகோபன். ஊர் ஸ்ரீரங்கம், இப்போது மெல்பர்னின் மேற்கே பொயிண்ட் குக். வேலை, பேக்கரிகளுக்கு ஓவன் விற்பது.

முன்பு ஒரு கார் தொழிற்சாலையில் இன்ஜினியராக இருந்தார். அதை மூடியபோது கிட்டத்தட்ட ஒரு வருடம் வீட்டில் இருந்தார். பின்பக்க ஜன்னலுக்கு எதிரே நாற்காலியைப் போட்டுக்கொண்டு வேலியைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பார். நான் ஆஸ்பத்திரிக்கு வேலைக்குக் கிளம்பும்போதும் அப்படி, திரும்பி வரும்போதும் அப்படியே. ஓவன் கம்பெனியில் சேர்ந்து, விக்டோரியாவின் தென்மேற்கு முழுவதும் உங்களுக்குத்தான் என்று அவர்கள் சொன்ன பிறகே மனுஷன் மறுபடி மனுஷனானார். ஜிலாங்கில் ஆரம்பித்து, கோலாக், கேம்பர்டவுன், வார்னம்பூல் என்று போய், பிறகு கடலோரமாகப் போர்ட்லாண்ட் வரைக்கும் மாதம் ஒரு சுற்று. வெனிலா ஸ்லைஸ் எந்த ஊரில் நன்றாக இருக்கும், எந்தக் கடையில் காய்கறிப் பேஸ்ட்ரியின் அடிப்பாகம் மொறுமொறுப்பாக இருக்கும் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வார். மாமிசம் தொடாத ஐயங்கார். ஆனால் கேக்கில் இருக்கும் முட்டை மட்டும் அவர் கணக்கில் வராது. கேட்டால், அது தொழில் என்பார்.

இந்த மார்ச்சில் அதற்கும் வேட்டு வைத்தார்கள். கம்பெனிக்குப் புதிதாக வந்த மேனேஜர் ஜெகதீஷ், நேரில் போய் விற்பதெல்லாம் பழைய காலம், போனிலும் வீடியோவிலும் முடித்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டார். போர்ட்லாண்டில் பேச்சில் இருந்த ஓவன் ஆர்டர் கைக்கு வந்தால் இன்னும் ஒரு வருடம் சுற்று ஓடும். வராவிட்டால், இந்தச் சுற்று முடிந்து வருகிற திங்கட்கிழமையிலிருந்து இவர் காதில் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு ஆபீஸில் உட்கார வேண்டும். வேலை போகவில்லையே, சம்பளமும் அதேதானே என்று எங்கள் நண்பர்கள் சொன்னார்கள். அவர்கள் அந்த ஜன்னலோர நாற்காலியைப் பார்த்ததில்லை.

போர்ட்லாண்டில் பேக்கரி வைத்திருப்பவர் சிவபாலன், யாழ்ப்பாணத்துக்காரர். படகில் வந்து, முகாமில் இருந்து, இறைச்சித் தொழிற்சாலையில் வேலை பார்த்து, பிறகு மனைவி நிரூபாவோடு சேர்ந்து கடை போட்டவர். இப்போது இரண்டாவது கடை திறக்கிறார். அதற்குப் பெரிய ஓவன் வேண்டும். போன சுற்றில் என் வீட்டுக்காரர் நேரில் போய்வந்தபோது, ஆர்டர் முடிந்த மாதிரிதான் என்றார். அதற்குப் பிறகு அங்கிருந்து பேச்சு மூச்சில்லை. இவர் கூப்பிட்டால் எடுப்பதில்லை; வருகிற நாளை மட்டும் மெசேஜில் சொல்லி வைத்திருந்தார். அதனால் இந்த முறை நானும் லீவு போட்டுக்கொண்டு கூடவே கிளம்பினேன். தனியாக அனுப்ப மனம் வரவில்லை.

கிளம்பினதிலிருந்து மனுஷனுக்கு ஒரு நிலை இல்லை. கோலாக்கில் ஒரு கடையில் ஸ்லைஸ், அடுத்த தெருவில் இன்னொரு கடையில் ஸ்கோன். இரண்டிலும் நின்றுகொண்டே சாப்பிட்டார். வாயில் வைக்கும்போதே கண் அடுத்த போர்டைத் தேடியது. கேம்பர்டவுனில் மணிக்கூண்டுக்குக் கீழே காரை நிறுத்தி, மறுபடியும் போர்ட்லாண்டுக்குப் போன் போட்டார். இந்த முறை நிரூபா எடுத்தார். ஸ்பீக்கரில் நானும் கேட்டேன்.

"இவர் விடியவில இருந்து உங்களைப் பேசிக்கொண்டு நிக்கிறார். கொஞ்சம் ஆறுதலா வாங்கோ."

என் வீட்டுக்காரர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். காலையிலிருந்து நம்மைப் பற்றியே பேச்சாம், ஆறுதலாக வரச் சொல்கிறார்கள், ஆர்டர் நமக்குத்தான் என்று ஸ்டியரிங்கைத் தட்டினார். எனக்கும் அப்படித்தான் பட்டது. நேரே போகிற ரோட்டை விட்டுவிட்டு டிம்பூன் பக்கம் வண்டியைத் திருப்பினார். அங்கே ஐஸ்கிரீம். பிறகு கடற்கரையில் பன்னிரண்டு அப்போஸ்தலர்கள் என்கிற பாறைகள். பேர்தான் பன்னிரண்டு, எண்ணினால் அத்தனை இல்லை. எங்கிருந்தெல்லாமோ விமானம் ஏறி வந்த ஜனங்கள் வேலியைப் பிடித்துக்கொண்டு வாய்பிளந்து நிற்கிறார்கள். இவர் ஒரு பார்வை பார்த்தார், ஒரு போட்டோ எடுத்தார், போகலாமா என்றார். நான் அலைகளைக்கூடச் சரியாகப் பார்த்து முடிக்கவில்லை.

டவர் ஹில்லில் ஒரு ஈமு ரோட்டின் நடுவே நின்றுகொண்டு வழி விடாமல் எங்களையே பார்த்தது. அது நகர்வதற்குள் இவர் கார் கதவை நாலு முறை திறந்து மூடிவிட்டார். சந்தோஷத்தில் வந்த பரபரப்பு என்று முதலில் நினைத்தேன். இல்லை. பயம்தான் என்று எனக்குத் தெரிந்தது. ஆர்டர் உறுதி என்று வாய் சொல்லிக்கொண்டிருந்தது, இடது கால் ஆடிக்கொண்டே இருந்தது. போர்ட் ஃபேரியில் ஒரு பெட்டி நிறைய பாதாம் கேக் வாங்கினார், அவர்களுக்குக் கொடுக்க. பேக்கரிக்காரருக்கு யாராவது கேக் வாங்கிக்கொண்டு போவார்களா என்றேன். காதில் விழவில்லை.

போர்ட்லாண்ட் போய்ச் சேர்ந்தபோது கடையைச் சாத்தியிருந்தார்கள். பின்னாலேயே வீடு. இவர் சிரித்த முகமாகப் பெட்டியை நீட்டிக்கொண்டு உள்ளே போனார். சிவபாலன் எங்களை உட்காரச் சொல்லவில்லை. என்னைப் பார்த்து ஒரு வணக்கம் வைத்தார். இவரிடம் திரும்பினார்.

"என்ன, இண்டைக்கும் லைட்ஹவுஸ் பார்க்க வந்தனீங்களோ?"

இவர் சிரித்தார். சிரிக்கிற விஷயம் இல்லை என்று எனக்கு அப்போதே உறைத்துவிட்டது.

"நிரூபா விடியவில எழும்பி, துறைமுகத்தில நிண்டு நண்டு வாங்கிவந்து சமைச்சவள். நீங்கள் கதிரையில இருக்கவும் இல்லை. அவசர வேலை எண்டு சொல்லிப்போட்டு வெளிக்கிட்டீங்கள். பின்னேரம் பார்த்தால் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில லைட்ஹவுஸுக்கு முன்னால நிண்டு சிப்ஸ் சாப்பிடுறீங்கள். எங்கட வீட்டில கை நனைக்க விருப்பமில்லை எண்டால் முகத்துக்கு நேர சொல்லியிருக்கலாம்."

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. நாம் பேசுவது என்று சொல்வதை யாழ்ப்பாணத்தில் கதைப்பது என்பார்கள். பேசுவது என்றால் அங்கே திட்டுவது. விடியற்காலையிலிருந்து சிவபாலன் இவரைத் திட்டித் தீர்த்துக்கொண்டிருந்திருக்கிறார். கோபம் தணியட்டும், மெதுவாக வாருங்கள் என்று அந்தப் பெண் எங்களுக்கு எச்சரிக்கை கொடுத்திருக்கிறார். நாங்கள் அதைக் கேட்டுவிட்டு ஐஸ்கிரீம் சாப்பிடப் போயிருக்கிறோம்.

எனக்கு இவர் மேல் வந்த ஆத்திரத்தைச் சொல்லி முடியாது. போன சுற்றில் நடந்த இந்த நண்டுக் கதையைப் பற்றி என்னிடம் மூச்சுவிடவில்லை. அங்கே சாப்பிட நேரம் இல்லை என்று மட்டும்தான் சொல்லியிருந்தார். லைட்ஹவுஸ் போட்டோவை எனக்கும் அனுப்பினார், நானும் ஒரு இதயம் போட்டு வைத்தேன். சாப்பிடுவதில்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் என்ன, அந்தப் பெண்ணின் உழைப்பு வீணாகியிருக்காதே என்று அவர்கள் எதிரிலேயே கேட்டுவிட்டேன். இவர் தலையைக் குனிந்துகொண்டு, தட்டில் அத்தனையும் பரிமாறிவிட்டு ஆசையாக நிற்கிறவரிடம் எப்படிச் சொல்வது என்று முணுமுணுத்தார். ஓடிவிடுவதுதான் மரியாதை என்று தோன்றியதாம்.

நிரூபாவுக்கு அதைக் கேட்டுப் பொறுக்கவில்லை. நான் கேட்காமல் சமைக்கவில்லை என்றார்.

"போனில கேட்டனான், நீங்கள் சைவமோ எண்டு. இல்லை எண்டு சொன்னவர்."

நான் இவரைப் பார்த்தேன்.

"சைவமான்னு கேட்டாங்க," என்றார் இவர். "இல்ல, நாங்க வைஷ்ணவாள்னு சொன்னேன்."

நம் ஊர் ஹோட்டல் வாசலில் சைவமா என்று கேட்டால் சின்னக் குழந்தைகூடச் சாப்பாட்டைத்தான் நினைக்கும். ஆனால் இவருக்கு வேறு பாடம் ஆகியிருந்தது. சிட்னியில் மகளோடு மேய்ஸ் ஹில் முருகன் கோயிலுக்குப் போயிருந்தபோது ஓர் அங்கிள் பிரசாத வரிசையில் இதே கேள்வியைக் கேட்டு, நாங்கள் சைவ சமயம் என்று விபூதி மகிமையெல்லாம் விளக்கியிருக்கிறார். அன்றிலிருந்து இலங்கைக்காரர்கள் சைவமோ என்று கேட்டால் அது சாமி விஷயம் என்று இவருக்கு மனதில் பதிந்துவிட்டது. வைஷ்ணவாள் என்று இவர் சொன்னது அந்தப் பக்கம் என்னவாக விழுந்ததோ, இல்லை என்பது மட்டும் தெளிவாக விழுந்திருக்கிறது.

முதலில் சிரித்தது நிரூபாதான். வாயைப் பொத்திக்கொண்டு குனிந்து சிரித்தார். கடவுளே, ஐயர் வீட்டு ஆளுக்கு நண்டு வைத்தேனே என்று தலையில் அடித்துக்கொண்டார். எனக்கும் அடக்க முடியவில்லை. சிவபாலன் மட்டும் சிரிக்கவில்லை. சாதி பார்த்துத்தான் சாப்பிடாமல் போகிறீர்கள் என்று நினைத்தேன், இந்த நாட்டுக்கு வந்தும் இதுவா என்று இரவெல்லாம் நித்திரை இல்லை என்றார். இவர் சட்டென்று அவர் கையைப் பிடித்துக்கொண்டார். தப்பு, தப்பு என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னார்.

சங்கதி சரியாகிவிட்டது என்று நினைத்து நான் வாயைத் திறந்தேன். இந்த ஆர்டரை நம்பித்தான் இவருடைய சுற்றே இருக்கிறது, இல்லாவிட்டால் திங்கட்கிழமை முதல் ஆபீஸில் கட்டிப்போட்டுவிடுவார்கள், இவரால் அது முடியாது, நான் ஒரு வருடம் கூட இருந்து பார்த்திருக்கிறேன் என்று கொட்டிவிட்டேன். வெட்கமாகத்தான் இருந்தது, ஆனாலும் நிறுத்தவில்லை.

நிரூபா தன் கணவரைப் பார்த்தார்.

"போறணை போன கிழமை வந்திட்டுது," என்றார் சிவபாலன். "அடிலெய்ட் கம்பெனி. ரோசத்தில எடுத்துப்போட்டன்."

போறணை என்றால் அவர்கள் பாஷையில் பேக்கரி ஓவன், கிழமை என்றால் வாரம். இவர் அதைப் பார்க்கலாமா என்று கேட்டார். புதுக் கடைக்கு எல்லோருமாக நடந்து போனோம். இன்னும் பிளாஸ்டிக் உறை முழுதாகக் கழற்றாத ஓவன், சுவரோரமாக நின்றது. இவர் கதவைத் திறந்து பார்த்தார், மூடினார், கையால் ஒரு தடவு தடவினார். நல்ல சாமான்தான், ஏமாற்றவில்லை என்றார். திருப்பி அனுப்ப ஏதும் வழி இருக்கிறதா என்று சிவபாலன் தயங்கித் தயங்கிக் கேட்டதற்கு, வேண்டாம், பொருத்தியாகிவிட்டது, உங்களுக்குத்தான் நஷ்டம் என்று சொல்லிவிட்டார். எனக்கு அவரை அங்கேயே உலுக்க வேண்டும் போல இருந்தது. ஒரு தடவையாவது நமக்காகக் கேளுங்களேன் என்று.

இந்த முறை சாப்பிடாமல் போக விடமாட்டேன் என்று நிரூபா கதவை மறித்துக்கொண்டார். குசினியில் நானும் கூட நின்றேன். கத்தரிக்காய்ப் பால்கறி, பருப்பு, சொதி என்று எல்லாம் முதலிலிருந்து ஆக வேண்டும், நேரம் எடுத்தது. இவர் இந்நேரம் எழுந்து கார்ப் பக்கம் போயிருப்பார், துறைமுகம் பார்க்கிறேன் என்று கிளம்பியிருப்பார் என்று நான் இரண்டு முறை எட்டிப் பார்த்தேன். சாப்பாட்டு மேசையில், உட்கார்த்திய கதிரையிலேயே உட்கார்ந்திருந்தார். கால் ஆடவில்லை. எதிரே சிவபாலன் இருந்தார். கால் ஆடாத அந்த மனுஷனைப் பார்க்கத்தான் எனக்குப் பயமாக இருந்தது.

காலையிலிருந்து அத்தனை கடையில் சாப்பிட்ட வயிறு. இருந்தாலும் வைத்ததையெல்லாம் சாப்பிட்டார். ஒவ்வொரு வாயாக, நிதானமாக. நிரூபா இன்னொரு கரண்டி சோற்றோடு வந்து, இருட்டுவதற்குள் போக வேண்டுமோ, நேரமாகிறதோ என்று கேட்டார்.

"அவசரம் ஒண்ணும் இல்லம்மா, போடுங்கோ," என்றார் இவர். "எனக்கு இனிமே எங்கயும் போக வேண்டியதில்ல."

சிவபாலன் தன் தட்டை அப்படியே வைத்துவிட்டு, கை கழுவுகிற சாக்கில் எழுந்து குசினிக்குள் போய்விட்டார்.