துவக்கைக் கண்டால் இறங்கு

கனடாவின் மொன்றியல் நகரில் ஒரு பொலிஸ்காரர் டோனட் வாங்க வரிசையில் நிற்பார். இடுப்பில் துப்பாக்கி, எங்கள் ஊர்ப் பேச்சில் துவக்கு, இருக்கும். அவருக்குப் பின்னால் நிற்கும் பெண்மணி அந்தத் துப்பாக்கியைப் பார்க்கமாட்டார். கண்ணாடிப் பெட்டிக்குள் சொக்கலேட் பூசிய டோனட் மிச்சம் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருப்பார். இந்த ஊருக்கு வந்து நான் கண்ட அதிசயங்களில் பனியை இரண்டாவதாகத்தான் சொல்லுவேன்.

எனக்கு அந்த மாதிரி நிற்க வராது. துப்பாக்கி உறைக்குப் பொத்தான் போட்டிருக்கிறதா என்று பார்ப்பேன். போட்டிருந்தால், அது இறுக்கமான பொத்தானா என்று பார்ப்பேன். அதற்குள் என் முறை வந்து, கடைப்பெண் இரண்டு தரம் 'பொன்ஜூர்' சொல்லி அலுத்திருப்பாள்.

'உங்கள் ஊரில் துப்பாக்கி வைத்திருந்தவர்களை நம்பினீர்களா?' என்று வேலைத்தலத்தில் ஒருவர் கேட்டார். மழையை நம்புகிறாயா என்று யாராவது கேட்பார்களா? குடை இருக்கிறதா என்றுதான் கேட்பார்கள். யாழ்ப்பாணத்தில் எங்களிடம் இருந்த குடை ஒரு பழக்கம். காவலரணைக் கண்டதும் சைக்கிளை விட்டு இறங்கி, உருட்டிக்கொண்டு நடந்து, நன்றாகக் கடந்த பிறகுதான் ஏறவேண்டும். காவலரணில் நின்றவர்கள் மாறினார்கள், சீருடை மாறியது, அவர்கள் அதட்டிய பாஷைகூட மாறியது. இறங்குவது மட்டும் மாறவில்லை. இளமையில் நான் ஒழுங்காகக் கற்ற பாடம் அது ஒன்றுதான்.

பாடம் மூளையில் தங்கியிருந்தால் புத்தி சொல்லிச் சமாளித்திருக்கலாம். அது முழங்காலில் தங்கிவிட்டது. மொன்றியலிலும் துப்பாக்கி கண்ணில் பட்டதும் கால் தானாக நிலத்தைத் தேடும். ஒருமுறை வங்கி வாசலில் காசு ஏற்றும் கவச வாகனம் ஒன்று நின்றது. நான் சைக்கிளை விட்டு இறங்கி, தலையைக் குனிந்து, சட்டைப் பைக்குள் கையை விட்டு அடையாள அட்டையைத் தடவிக்கொண்டு நடந்தேன். அதன் காவலாளியின் கை மெல்ல இடுப்புக்குப் போனது. பயந்தவனும் கொள்ளையடிக்க வந்தவனும் தூரத்திலிருந்து பார்த்தால் ஒரே நடைதான் நடப்பார்கள் என்று எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

"அவன் டோனட் வாங்கப் போறான். நீங்கள் இறங்கி நிண்டு அணிவகுப்பு மரியாதை குடுக்கிறியள்," என்பாள் மனைவி. "ஒருநாளைக்கு அவன் உங்களைக் கண்டு பயந்து லீவு கேக்கப்போறான்."

இதெல்லாம் எனக்கும் என் முழங்காலுக்கும் இடையில் இருந்தவரை பிரச்சினை இல்லை. சனிக்கிழமைகளில் மகளும் நானும் சைக்கிளில் நூலகத்துக்குப் போவோம். வழியில் ஒரு பொலிஸ் நிலையம். அதன் வாசலில் எப்போதும் யாராவது கோப்பியோடு நிற்பார்கள். நான் இறங்குவேன். எனக்கு இளைக்கிறது என்று மகள் நினைத்திருந்தாள். அந்த அவமானத்தை நான் மகிழ்ச்சியோடு ஏற்றுக்கொண்டிருந்தேன்.

ஒருநாள் அவள் சாப்பாட்டு மேசையில் கரண்டியை வைத்தாள்.

"அப்பா, என்ரை வகுப்புப் பிள்ளையள் கண்டிட்டினம். உன்ரை அப்பா ஏன் பொலிஸைக் கண்டவுடனை இறங்கிறார், அவர் என்ன செய்தவர் எண்டு கேக்கினம்."

"நீ என்ன சொன்னனீ?"

"சைக்கிள் பழுது எண்டு சொன்னனான். ஒவ்வொரு சனியும் அதே இடத்திலையோ பழுதாப்போறது எண்டு கேக்கினம்."

மனைவி தண்ணீர் குடிக்கிற சாட்டில் சிரித்தாள்.

"இனி நான் தனியப் போறன் அப்பா," என்றாள் மகள்.

அவளுக்குப் பன்னிரண்டு வயது. வீட்டில் அவள் தொலைபேசியோடு பிரெஞ்சில் வாழ்பவள். என்னோடு தமிழில் மனம்விட்டுக் கதைப்பது அந்தச் சனிக்கிழமைச் சைக்கிளில்தான். முன்னால் மிதித்துக்கொண்டு, பின்னால் வருகிற எனக்குக் கேட்கவேண்டும் என்பதற்காகத் தொண்டை கிழியக் கத்திக் கதைப்பாள். அதை இழக்க என்னால் முடியாது. ஆகவே பேரம் பேசினேன். இன்னும் ஒரு சனி. அன்றைக்கும் நான் இறங்கினால், பேந்து அவள் தனியப் போகலாம்.

அந்தச் சனியும் வந்தது. இந்த நகரத்தில் கோடை என்பது வீதியைக் கிண்டுகிற பருவம். பொலிஸ் நிலையத்துக்கு முன்னால் வீதியைத் தோண்டி, செம்மஞ்சள் கூம்புகளை அடுக்கி, நடுவில் ஒடுங்கிய பாதை ஒன்று விட்டிருந்தார்கள். பாதையின் வாயில் ஒரு பொலிஸ்காரர். இடுப்பில் அது.

முழங்கால் கெஞ்சத் தொடங்கியது. நான் தூரத்துத் தேவாலயக் கோபுரத்தில் கண்ணைப் பதித்துக்கொண்டு மிதித்தேன். எனக்கு முன்னால் போன வெள்ளைக்காரர் ஒருவர் இறங்கி உருட்டினார். பாவம், இவருக்கும் ஏதோ பழைய கதை இருக்கிறது என்று நினைத்தேன். அவருக்கு முன்னால் ஒரு பெண்ணும் உருட்டினாள். அவளுக்காகவும் இரங்கினேன். கடைசியில் என் மகளே இறங்கி உருட்டிக்கொண்டிருந்தாள். என்னைச் சோதிக்கிறாள் என்று எடுத்துக்கொண்டு, அவளையும் வீரமாகக் கடந்தேன். துப்பாக்கி ஒன்றைச் சைக்கிளில் இருந்தபடி தாண்டியது என் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை.

பின்னால் விசில் ஊதியது.

கூம்புகளுக்குப் பக்கத்தில் ஒரு பலகை இருந்திருக்கிறது. சைக்கிளை உருட்டிக்கொண்டு நடக்கிற மனிதனின் படம். கீழே, இறங்கி நடக்கவும் என்று பிரெஞ்சில். கோபுரத்தைப் பார்த்தவனுக்குப் பலகை எங்கே தெரியும்!

பொலிஸ்காரர் கிட்ட வருவதற்குள் நான் இறங்கி, அட்டைகளை எல்லாம் கையில் விரித்துவிட்டேன். அவர் ஒன்றும் கேட்கவில்லை. நீட்டிய பாவத்துக்கு ஒவ்வொன்றாகப் பார்த்தார். சாரதி அட்டை, மருத்துவ அட்டை, நூலக அட்டை. "இது காலாவதியாகிவிட்டது, மெசியே," என்றார் நூலக அட்டையைக் காட்டி. பிறகு பிரெஞ்சிலேயே, "எல்லாரும் இறங்குகிறார்கள். நீங்கள் ஏன் இறங்கவில்லை?" என்று கேட்டார்.

எனக்குத் தெரிந்த பிரெஞ்சு முழுவதும் அந்தக் கணம் என்னைக் கைவிட்டது. மகள் சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்து சேர்ந்தாள்.

"அப்பா எப்போதும் இறங்குவார்," என்று அவருக்குப் பிரெஞ்சில் சொன்னாள். "இன்றைக்கு இறங்கவேண்டாம் என்று நான்தான் சொன்னேன்."

"ஏன் எப்போதும் இறங்குவார்?"

"அவருக்கு உங்கள் துப்பாக்கிக்குப் பயம்."

கைவிட்டுப் போன பிரெஞ்சு இதை விளங்கிக்கொள்ள மட்டும் திரும்பி வந்தது. செத்தேன் என்று நினைத்தேன். அவர் குனிந்து, யாரோ அங்கே மறந்து வைத்துவிட்டுப் போன சாமான் மாதிரித் தன் இடுப்பைப் பார்த்தார்.

"எனக்கும் இதைப் பிடிக்காது," என்றார். "நாள் முழுக்க நின்றால் இடுப்பு விட்டுப்போகிறது."

அட்டைகளைத் திருப்பித் தந்து, நடந்து போகச் சொன்னார். அடையாள அட்டைக்காகக் கை நீட்டிய பலரை எனக்குத் தெரியும். இடுப்பு நோவைச் சொன்ன ஒருவரை அதற்கு முன்னர் கண்டதில்லை. அதற்கு எந்த அட்டையைக் காட்டவேண்டும் என்று தெரியாமல், 'மெர்சி' என்று நன்றி சொல்லிவிட்டு உருட்டத் தொடங்கினேன்.

கூம்புகள் முடிந்தன.

"ஏறுங்கோ அப்பா."

"அவன் பாத்துக்கொண்டு நிக்கிறான்."

"அவர் பாக்கேல்லை. இடுப்பை அமத்திக்கொண்டு நிக்கிறார்."

திரும்பிப் பார்த்தேன். உண்மைதான். முழங்காலுக்கு அதைச் சொல்லிப் பார்த்தேன். கேட்கவில்லை.

"அந்த மூலை மட்டும்," என்றேன்.

அவள் பெருமூச்சு விட்டாள். ஆனால் ஏறவில்லை. மூலை வரைக்கும் இரண்டு பேரும் உருட்டினோம். அங்கே அவள் ஏறி, முன்னால் மிதித்துக்கொண்டு, எனக்குக் கேட்கவேண்டும் என்று கத்தினாள்:

"அடுத்த சனி பிள்ளையள் கேட்டால், ரோட்டு வேலை நடக்குது எண்டு சொல்லுறன்!"