அப்பா மட்டும் ஓடிய மழை

அன்று பல்லடம் ரோட்டோரம், சலவை செய்த பனியன் துணியைக் கயிறு கட்டிக் காயப்போடும் வெட்டவெளிக் காட்டில் இருந்தது ஐந்து பேர்: அப்பா, வேலையை மேற்பார்வை பார்க்கிற உள்ளூர் அக்கா ஒருவர், கூலிக்கு வந்த பெண்கள் இருவர், மதியச் சோறு கொண்டுபோன நான்.

தெற்கேயிருந்து பிழைக்க வந்தவர்கள் நாங்கள். ஆர்டர் இல்லையென்று பனியன் கம்பெனியில் நிறுத்திவிட்ட பிறகு அப்பாவுக்குக் கிடைத்த வேலை அது. ஒரு வாரம் பார்த்துவிட்டுத்தான் வைத்துக்கொள்வோம் என்றிருந்தார்கள். அப்பா சரியாகத் தூங்கவில்லை. நானும்தான். கவலைப்படுவதில் நான் அப்பாவின் பிள்ளை. பின்னாளில் எட்டாவதோடு நின்று நானே கம்பெனிக்குப் போன பிறகும், நாளைக்கு வேலை இருக்குமோ என்று நினைக்காமல் நான் படுத்ததில்லை.

சோற்றுத் தூக்குப்போசியைத் திறப்பதற்குள் மழை பிடித்துக்கொண்டது. காய்ந்திருந்த துணிகளை நால்வரும் அள்ளிக் கொட்டகைக்குள் போட்டார்கள். மீதியெல்லாம் கயிற்றிலேயே நனைந்துவிட்டது. அக்கா முகத்தைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"ஏம்மா, அம்புட்டும் நனையுதுல்லா! ஓடியாங்க!" என்று கத்தினார் அப்பா.

"உடுங்கண்ணா. வெள்ளைத் துணிதானுங்க, வெயில் வந்தா மறுபடி காஞ்சுட்டுப் போகுது. ஈரத்துல தொட்டா மண்ணுல இழுபடும்" என்றார் அக்கா.

அப்பா அதற்குள் ஓடிவிட்டார்.

"அண்ணன் மேகத்தையும் மடிச்சு உள்ள வெச்சுருவாராட்ட இருக்குதுங்க்கா" என்றாள் ஒருத்தி.

ஈரத் துணி ஓர் ஆள் தாங்கும் கனமில்லை. தோளில் போட்டதெல்லாம் வழுக்கிச் செம்மண்ணில் புரண்டது. அதையும் இழுத்துக்கொண்டே அடுத்த கயிற்றுக்குப் போனார். வழுக்கி விழுந்துவிடுவாரோ, இடி விழுமோ என்று நான் நடுங்கினேன்.

மழை சீக்கிரமே விட்டது. கயிற்றில் கிடந்தவை வெயிலில் காயத் தொடங்கின. அப்பா கொண்டுவந்தவை சேற்றுக் குவியலாகக் கிடந்தன. மறுபடி சலவைக்குத்தான் போக வேண்டும்.

அக்கா சத்தம் போடவில்லை. "ஏனுங்கண்ணா, மழைய நம்மனால நிறுத்த முடியாது. கைய நிறுத்தியிருக்கலாமல்லங்க? மொதலாளிகிட்ட நான் என்னன்னு சொல்றது? நாளைக்கு வர வேண்டாமுங்க."

எனக்கு அது பெரிய அநியாயமாகப் பட்டது. துணி மண்ணானது மழையால்தானே?

சாயங்காலம் லைன் வீட்டு வாசலில் அப்பா குனிந்து கால் கழுவிக்கொண்டிருந்தார். அக்கம்பக்கத்தில் எல்லோருக்கும் கேட்கும்படி அம்மாவிடம் சொன்னேன்: "எல்லாரும் சும்மா உக்காந்துட்டாங்கம்மா. அப்பா மட்டுந்தான் ஓடுனாங்க!"

அப்பா நிமிரவில்லை. சொம்பில் தண்ணீர் தீர்ந்த பிறகும் காலையே தேய்த்துக்கொண்டிருந்தார். காதில் விழவில்லையோ என்று, இன்னொரு தடவை உரக்கச் சொன்னேன்.